மேசை விசிறியும் இரண்டு டிஸ்க்குகளும்

எங்கள் வீட்டின் ஒரே மேசை விசிறி மாசியிலிருந்து ஆனி வரை என் கம்ப்யூட்டருக்கு வீசிக்கொண்டிருந்தது. நடுவில் அக்னி நட்சத்திரமும் வந்து போனது. அந்த நாட்களில் என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி விசிறியைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். அந்த இரண்டாவது பார்வையை நான் விஞ்ஞானத்தின் மீதுள்ள பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்களை ஏதாவது ஒன்று வந்து பிடித்துக்கொள்கிறது. சிலரை நடைப்பயிற்சி, சிலரை ஆன்மிகம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரும் எங்கள் காலனியின் சங்கத் தலைவரைக் கண்காணிப்புக் கேமரா பிடித்தது. என்னைப் பிடித்தது டிஸ்க். குறிப்பாக எஸ்எஸ்டி என்கிற வகை. உள்ளே சுற்றுவதற்குத் தகடு கிடையாது, சத்தம் கிடையாது, பிஸ்கட் பாக்கெட்டில் நாலில் ஒரு பங்கு கனம். சும்மா இருப்பது போலிருக்கும், வேலை மட்டும் பறக்கும். எங்கள் அலுவலகத்தில் இதற்கு நேர் எதிரானவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்ததில் வியப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் நான் டிஸ்க்கைச் சோதிப்பேன். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அது டிஸ்க்கில் எதையோ எழுதும், எழுதியதைப் படிக்கும், கடைசியில் வேகத்தை ஓர் எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணை வரைபடத்தில் குறிப்பேன். வரைபடத்தை இணையத்தில் ஒரு குழுவுக்கு அனுப்புவேன். அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோருமே, வீட்டில் யாரும் காது கொடுக்காததை ஒருவருக்கொருவர் சொல்லி ஆற்றிக்கொள்கிறவர்கள்.

ஒற்றை டிஸ்க் சலித்தபோது ஜோடி சேர்த்தேன். இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றைப் போல நடத்தும் ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். அதில் பல வகை. நான் வைத்தது கண்ணாடி வகை. ஒரு டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். படிக்கும்போது இரண்டும் பாதிப்பாதி வேலையைப் பகிர்ந்துகொள்வதால் வேகமும் ஏறக்குறைய இரட்டிப்பு. பெட்டியின் முன்பக்கத்தில், லேசாக அழுத்தினால் வெளியே வரும் இரண்டு டிரேக்களை வாங்கிப் பொருத்தினேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவி எடுக்கலாம் என்பதுதான் அந்த டிரேயின் பெருமை. நான் ஒரு நாளும் உருவிப் பார்த்ததில்லை. உருவலாம் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

ஏதாவது கோளாறு என்றால் மெஷினே எனக்கு மெயில் அனுப்பும்படி செய்திருந்தேன். அந்த எச்சரிக்கை மின்கட்டண மெயில்களுக்கு நடுவே தொலைந்துவிடக் கூடாதே என்று அதற்கென்றே தனியாக ஒரு மெயில் முகவரி உண்டாக்கினேன். எச்சரிக்கை எதுவும் தொலையவில்லை. அந்த முகவரியின் பாஸ்வேர்டுதான் தொலைந்தது.

கண்ணாடி ஏற்பாட்டைப் பற்றி நான் விளக்கம் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் குறைவு. மனைவிக்கும் சொன்னேன். அவள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. பீன்ஸ் நறுக்கியபடியே கேட்டாள். ரெண்டும் ஒன்றேதானா என்று விசாரித்தாள். அச்சு அசல் என்றேன். ஒன்றை எடுத்துவிட்டால்? ஒன்றும் ஆகாது, மெஷின் பாட்டுக்கு ஓடும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பீன்ஸை எடுத்தாள். கணக்கு டீச்சர் தலையை ஆட்டினால் விடை எங்கேயோ போட்டாயிற்று என்று அர்த்தம். இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், பெருங்களத்தூரில் இருக்கிறான். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். நல்ல கை. ஆனால் வந்த வேலைகள் எல்லாம் சின்ன மண்டபம், சின்னக் குடும்பம். இந்தத் தை மாதம்தான் அவனுக்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. படப்பையில் தலைமுறையாக நிலம் வைத்திருந்து, இப்போது கடைகளும் வாடகைகளுமாக இருக்கிற ஒரு குடும்பத்தின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். அந்தப் பெண் என் மனைவியிடம் கணக்குப் படித்தவள். டீச்சரின் தம்பி என்பதால் வேலை வந்தது. இந்தப் படம் நன்றாக வந்தால் அடுத்து தங்கைக்காரியின் கல்யாணம், அதற்கப்புறம் சித்தப்பா பிள்ளைகள் என்று அந்த வீட்டிலேயே வரிசையாக ஆட்கள் நின்றார்கள். மனைவி நெக்லஸ் எல்லாம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

கல்யாணம் முடிந்து சில நாட்களில் மச்சான் தன் கேமராக் கார்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். எடுத்ததையெல்லாம் என் கண்ணாடி ஜோடிக்குள் காப்பி செய்தோம். அவனுடைய லேப்டாப் பழசு. என் மெஷினிலேயே உட்கார்ந்து எடிட் செய்துகொள்ளச் சொன்னேன். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டுகள் வேண்டும், அழித்துவிடட்டுமா என்று கேட்டான். தாராளமாக அழி என்றேன். இரண்டு பிரதி இருக்கும்போது மூன்றாவது எதற்கு? அவன் அழித்தான். அதன் மேல் வேறு கல்யாணங்களும் ஏறின. படப்பைக் கல்யாணம் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் என் மெஷின்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனையில் எண் சரிந்தது. மறுபடி ஓட்டினேன். அதே எண். வழக்கமான வேகத்தில் ஏறக்குறைய பாதி. இரண்டு டிஸ்க் சேர்ந்து செய்கிற வேலையில் வேகம் சரியாகப் பாதியானால் என்ன ஆகியிருக்கும் என்பது இதைப் படிக்கிற ஒரு குழந்தைக்கும் இப்போது புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் அதிகம் படித்தவன். எனவே வெயில்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தேன்.

மாசியில் என்ன வெயில் என்று நீங்கள் கேட்கலாம். குழுவில் ஒருவர் கேட்கத்தான் செய்தார். அவருக்குப் பதிலாக ஒரு நீண்ட கட்டுரையே எழுதினேன். தென்சென்னைப் புறநகர்களின் வெப்பமும் அதனால் டிஸ்க்குகளுக்கு உண்டாகும் சோர்வும் என்பது பொருள். ஜி.எஸ்.டி. சாலையின் தார், சுருங்கிப்போன ஏரிகள், பெருங்களத்தூர்ப் பக்கம் முளைக்கும் அடுக்குமாடிகளின் கண்ணாடிச் சுவர்கள் எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்தேன். கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. குளிர்நாடு ஒன்றில் இருக்கும் தமிழர் ஒருவர் தன் கண் திறந்ததாக எழுதினார். மதுரைக்காரர் ஒருவர் பயந்துபோய் இரண்டு விசிறி வாங்கினார். நான் எங்கள் வீட்டு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டுவந்து, டிரேக்களுக்கு நேராக வைத்துச் சுவிட்சைப் போட்டேன். எண் கொஞ்சமும் ஏறவில்லை. வெயில் அவ்வளவு கடுமை என்று குறித்துக்கொண்டேன்.

ஆனி மாதம், ஒரு இரண்டாவது சனிக்கிழமை காலையில் மச்சான் முகம் வாடி வந்தான். கல்யாண வீடியோ கைக்கு வருவதற்குள் வளைகாப்பு வந்துவிடுவது நம் ஊரில் வழக்கம்தான். படப்பைப் பெண்ணுக்கும் ஆவணியில் வளைகாப்பு வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பெரிய திரை கட்டி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கல்யாணப் படத்தைப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். எடிட் முக்கால்வாசி முடிந்திருந்தது. அவன் கவலை வேறு. தொழிலில் இருக்கும் பையன்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

“பசங்க சொல்றானுங்க மாமா, எதுக்கும் வெளியே ஒரு காப்பி போட்டு வெச்சுக்கன்னு. ஒரு சின்ன டிஸ்க் வாங்கினு வரட்டா?”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெளியே ஒரு பார்சலும் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்பது போலிருந்தது. அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன். இப்போது பார் என்றேன். படப்பைக் கல்யாணத்தில் பந்திக் காட்சியை ஓடவிட்டேன். அது போதாதென்று, பின்னணியில் என் வேகச் சோதனையையும் தட்டிவிட்டேன். டிஸ்க் முழுமூச்சாக எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால்தானே உருவியதற்கு ஒரு மதிப்பு.

“மாமா, வேணாம் மாமா” என்றான் மச்சான்.

நான் முதல் டிரேயை அழுத்தி, டிஸ்க்கை உருவினேன்.

படம் ஓடியது. பந்தியில் ஒரு பெரியவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், பின்னால் நாதஸ்வரம். நான் டிஸ்க்கை உயர்த்திப் பிடித்து மச்சான் பக்கம் திரும்பினேன். ஏதோ சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. கம்ப்யூட்டர் இனிமேல் வரப்போகும் காட்சியைக் கொஞ்சம் முன்கூட்டியே படித்து வைத்திருக்கும். அந்தக் கொஞ்சம் தீர்ந்ததும் படம் நின்றது. ரசம் கரண்டிக்கும் இலைக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கியது. நாதஸ்வரம் ஒரே சுரத்தில் மாட்டிக்கொண்டு, பிரேக் பிடிக்காத லாரியின் ஹாரன் மாதிரி அலறியது.

“இன்னா மாமா, நின்னுடுச்சு” என்றான்.

சில சமயம் இப்படி ஆகும் என்றேன். ஒரு சமயமும் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. டிஸ்க்கைத் திரும்பச் சொருகினேன். வழக்கமாக எரியும் சின்ன விளக்கு எரியவில்லை. எடுத்துத் துடைத்துச் சொருகினேன். எரியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் பறிபோனால் சில மலிவு டிஸ்க்குகள் தாம் யார் என்பதையே மறந்துவிடும் என்று நானே குழுவில் எழுதியிருக்கிறேன். அடுத்தவர்களுடைய டிஸ்க்குகளைப் பற்றி எழுதியது அது.

பரவாயில்லை என்று நினைத்தேன். இன்னொன்று இருக்கிறதே. இதற்குத்தானே கண்ணாடி. மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்த ரெய்டு பக்கத்தைத் திறந்தேன். இரண்டாவது டிஸ்க்குக்கு நேராக, காணவில்லை என்று இருந்தது.

எதிரே டிரேயில் டிஸ்க் இருக்கிறது. விசிறி, அதன் எரியாத விளக்கையும் மறைத்துக்கொண்டு, அதன் மேல் வீசிக்கொண்டிருக்கிறது. காணவில்லை என்கிறது மெஷின். அந்த டிரேயை உருவினேன். உள்ளேயிருந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: செத்தது.

எழுத்து என்னுடையது.

போன வருடம் பழுதாகிப் போன பழைய டிஸ்க் அது. அடையாளம் தெரிய வேண்டும் என்று எழுதி, மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். டிராயரில் கிடந்த பிணம் எழுந்து நடந்து மெஷினுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் இத்தனை மாதம் விசிறி போட்டிருக்கிறேன். நாதஸ்வரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

சத்தத்தைக் கேட்டு மனைவி வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“அதை நான்தான் வெச்சேன்” என்றாள், பாத்திரத்தை இடம் மாற்றி வைத்ததைச் சொல்வது போல.

அப்போ இதிலிருந்தது எங்கே என்று கேட்டேன்.

“லாக்கர்ல.”

லாக்கர் என்றால் தாம்பரத்தில் எங்கள் வங்கியின் லாக்கர். அதில் அவளுடைய நகைகளும் வீட்டுப் பத்திரமும் இருக்கின்றன. எங்கள் காலனிக்குள் ஒரு மழையில் தண்ணீர் வந்து, தரைத்தளத்தில் இருந்தவர்கள் பத்திரங்களைக் கொடியில் உலர்த்தியதைப் பார்த்ததிலிருந்து, வீட்டில் எது முக்கியமோ அது லாக்கருக்குப் போய்விட வேண்டும் என்பது அவளுடைய சட்டம்.

“நகை லாக்கர்ல இருக்கு, பத்திரம் லாக்கர்ல இருக்கு. இது மட்டும் ரெண்டையும் ஒரே டப்பாவுக்குள்ள வெச்சிருக்கீங்க. தண்ணி வந்தா ரெண்டும் சேர்ந்துதானே முங்கும்? ஒண்ணை எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னேன். பீன்ஸ் நறுக்கும்போது சொன்னேன். மெஷினை அணைத்து, சுவரிலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எடுத்தாளாம். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் இந்தச் செத்ததைக் கொண்டுபோய் ஏன் வைக்க வேண்டும்?

அதற்கு அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். எடுத்த இடத்தை யாராவது வெறுமையாக விடுவார்களா? எங்கள் வீட்டில் அரிசி டின்னைத் துடைத்து எடுக்க மாட்டாள், அடியில் ஒரு பிடி கிடக்கும். நகைப்பெட்டியிலிருந்து நகையை எடுத்தால் அங்கே ஒரு நாணயம் உட்காரும். பக்கத்து வீட்டுப் பாத்திரம் திரும்பிப் போகும்போது நாலு கறிவேப்பிலையாவது அதனுள்ளே போகும். இதெல்லாம் தெரிந்தே அவளோடு வாழ்ந்திருக்கிறேன். டிஸ்க்குக்கும் அது பொருந்தும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

ஸ்டிக்கரைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“பார்த்தேன். உசுரோட இருக்கறதை எதுக்குங்க வீணாக்கணும்?”

அதற்குள் மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். அவன் அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தரத்தில் நின்ற ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் கார்டை அழிச்சிட்டேன் மாமா” என்றான், மெதுவாக.

லாக்கரில் இருப்பதை எடுத்துவந்தால் ஆயிற்று என்று கிளம்பப் போனேன். மனைவி நாட்காட்டியைக் காட்டினாள். இரண்டாவது சனி, வங்கி விடுமுறை. நாளை ஞாயிறு. அதோடு, இன்னொரு கேள்வி அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒன்றாகத் தோன்றியது என்று நினைக்கிறேன். அவள் எடுத்த பிறகு அந்த டிஸ்க்கில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. படப்பைக் கல்யாணம் மெஷினுக்குள் வந்தது முன்பா, டிஸ்க் லாக்கருக்குப் போனது முன்பா?

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைத்தான் பேசினோம். மச்சான் காலையிலேயே பெருங்களத்தூரிலிருந்து வந்துவிட்டான். இட்லி வைத்தால் விண்டு விண்டு வைத்தானே தவிர வாயில் போடவில்லை. மனைவிக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட நெக்லஸைத் திருப்பி வைக்கப் போனபோதுதான் டிஸ்க்கும் போனது. நகையை வீட்டில் வைத்துக்கொண்டு அவளால் தூங்க முடியாது. ஞாயிறு கல்யாணம், புதன்கிழமை பள்ளியிலிருந்து அப்படியே வங்கிக்குப் போனாள். புதன் என்பதில் உறுதியாக இருந்தாள். அன்று பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வைத்த நாளாம்.

மச்சானுக்கும் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. கல்யாணம் முடிந்த கையோடு அவனுக்குக் காய்ச்சல். எழுந்து நடமாடியதே வெள்ளிக்கிழமைதான். அதற்கப்புறம்தான் கார்டுகளை என்னிடம் கொண்டுவந்தான்.

புதன் முந்தியது, வெள்ளி பிந்தியது. கணக்கு டீச்சர் தேவையில்லாத கணக்கு. லாக்கரில் இருக்கும் டிஸ்க்கில் கல்யாணம் இல்லை.

என் வரைபடம் கைகொடுக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். வேகம் எந்த வாரம் விழுந்தது என்று அதில் தெரியுமே. கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு கட்டம் காலி. அன்று ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். எச்சரிக்கை மெயில் இருக்கிறதே என்று அந்தத் தனி முகவரியைத் திறக்கப் பார்த்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று அன்பாகக் கேட்டு, மாற்றித் தர எண் அனுப்புவதாகச் சொன்னது. எண், நான் என்றோ கைவிட்ட பழைய சிம்முக்குப் போயிற்று. ஒரு டிஸ்க்கைக் காணவில்லை, ஒரு டிஸ்க்கைக் காணவில்லை என்று அந்த மெஷின் தினமும் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். அதை நினைத்தபோது எனக்கு அதன் மேலேயே இரக்கம் வந்தது.

செத்துப்போன முதல் டிஸ்க்கை எழுப்பப் பார்த்தேன். வேறு கேபிள், மெஷினின் பின்புறத்தில் வேறு சொருகுமிடம், எதிர்வீட்டுக்காரரின் லேப்டாப். தகவல் மீட்டுத் தரும் கடை ஒன்றில் பேசியபோது, கொண்டுவாருங்கள், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். இந்தக் குரலில் மருத்துவமனையில் பேசிக் கேட்டிருக்கிறேன். டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மச்சான் ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாயங்காலம் கிளம்பும்போது மட்டும், படப்பை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று அக்காவிடம் கேட்டான். நான் வருகிறேன், நான் சொல்கிறேன் என்றாள் அவள். தன்னிடம் படித்த பெண்ணின் முன்னால் அவள் போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்டுரையில் ஏரிகள் சுருங்கியதைப் பற்றி நான் எழுதிய பத்தி அந்த நேரத்தில் எதற்கு ஞாபகம் வந்தது என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் முதல் பீரியடுக்குப் பர்மிஷன் போட்டாள், நான் லீவு போட்டேன். மச்சான் வங்கிக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்துகொண்டான். லாக்கர் எங்கள் இருவர் பெயரில்தான் இருக்கிறது, அவன் உள்ளே வர முடியாது. லாக்கர் அதிகாரியின் மேசையருகே போனோம். அவர் யாருடனோ போனில் இருந்தார். அவருடைய நாற்காலியையே மனைவி உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று என் முழங்கையைப் பிடித்தாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

“இவர் அன்னிக்கு லீவுங்க” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“அந்தப் புதன்கிழமை. சாவி இவர்கிட்ட, இவர் வரலை, அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. நெக்லஸைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துகிட்டு வந்து அரிசி டின்னுல போட்டு வெச்சேன். அப்ப டிஸ்க்கை எடுக்கவே இல்லை. அப்புறம்தான் தம்பி வந்து காப்பி பண்ணிகிட்டு இருந்தான். இது போச்சுன்னா நான் காலி அக்கான்னு விளையாட்டா சொன்னான். அதுக்கப்புறம்தாங்க, இதையும் சேர்த்து வெச்சிடலாம்னு தோணிச்சு.”

சொல்லிவிட்டு அவளே அதிர்ந்து நின்றாள். புதன் என்று இரண்டு நாட்களாக அடித்துச் சொன்னவள் அவள். போனது புதன்தான், வைத்தது புதனில்லை. போய்த் திரும்பியதை மனசு ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கல்யாணம், ஒரு தம்பியின் தொழில், ஒரு டீச்சரின் பெயர் எல்லாம், முன்பின் தெரியாத ஒரு வங்கி அதிகாரி அன்றைக்கு லீவு எடுத்தார் என்பதன் மேல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் பொருத்திய எதன் மேலும் அது நிற்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டு, என்ன சார் என்று கேட்டார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாமா என்று இருந்தது. லாக்கர் என்றேன்.

அவர் தன் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டுப் போனதும் மனைவி எங்கள் சாவியால் திறந்தாள். நெக்லஸுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு நகைக்கடை வெல்வெட் பைக்குள், என் இரண்டாவது டிஸ்க். நெற்றியில் குங்குமம். எடுத்துக் கைப்பையில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றாள். வெல்வெட் பை வெறுமையாக இருந்தது. கைப்பையைத் துழாவினாள். சில்லறை இல்லை. இப்போதெல்லாம் யாரிடம் நாணயம் இருக்கிறது.

“உங்ககிட்ட ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

சட்டைப்பையைத் தொட்டேன். சனிக்கிழமை நான் கொன்ற டிஸ்க்தான் இருந்தது. வாங்கி, வெல்வெட் பைக்குள் போட்டு, தங்கத்தோடு சேர்த்துப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்து சொருகினேன். விளக்கு எரிந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. முகூர்த்தம் இருந்தது, வரவேற்பு இருந்தது, பந்தி இருந்தது. பந்தியை ஓடவிட்டேன். ரசம் இலையில் விழுந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, “அக்கா, இட்லி கீதா?” என்று கேட்டான்.

எடுத்ததெல்லாம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவன் மாதக்கணக்கில் செய்த எடிட்டில் ஒரு துண்டுகூட அதில் இல்லை. எல்லாம் லாக்கருக்குப் போன பிறகு செய்தது. வளைகாப்புக்குள் முதலிலிருந்து செய்ய வேண்டும். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. முதல் காரியமாகக் கடைக்குப் போய், ஒரு சின்ன டிஸ்க் வாங்கிவந்து காப்பி எடுத்தான். நான் கேபிளை எடுத்துக் கொடுத்தேன். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவன், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தான். அந்த நாதஸ்வரத்தை நான் தூக்கத்திலும் வாசிக்கக்கூடிய நிலைக்கு வந்தபோது படம் முடிந்தது. வளைகாப்பில் திரை கட்டிப் போட்டார்கள். ரசம் வாங்கிக்கொண்ட பெரியவர் தன்னைத் திரையில் பார்த்துவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னாராம். தங்கைக்காரியின் கல்யாணத்துக்கும் அவனே என்று பேசிவிட்டார்கள்.

மேசை விசிறி கூடத்துக்குத் திரும்பிவிட்டது. இரண்டு டிரேக்களிலும் உயிருள்ள டிஸ்க்குகள் இருக்கின்றன. ஞாயிறு காலையில் ஸ்டிக்கர் எதுவும் இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் இட்லிக்கு உட்காருகிறேன். வேகம் பழையபடி வந்துவிட்டது. வெயில் தணிந்ததா என்று குழுவில் கேட்கிறார்கள்.

போன வாரம் மச்சான் வந்தான். கையில் பஞ்சு சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். புதிதாக எடுத்த கல்யாணத்தின் காப்பி. எப்போதும் என் மேசைக்கு வருகிறவன், நேராகச் சமையலறைக்குப் போனான்.

“அக்கா, லாக்கர்ல கொஞ்சம் எடம் இருக்குமா?”

“இருக்கு. மாமாவோடது ஒண்ணு சும்மாதான் கிடக்கு. அதை எடுத்துட்டு இதை வெக்கலாம்” என்றாள் மனைவி. இதுவரைக்கும் அதை எடுக்காததற்குக் காரணம், அந்த இடத்தில் வைக்க வேறு எதுவும் இல்லாததுதான்.

வைத்துவிட்டு வந்தாள். என் டிஸ்க் என் மேசைக்குத் திரும்பியது. அதற்கும் குங்குமம் வைத்திருந்தாள். ஸ்டிக்கர் ஒன்றை வெட்டி, மார்க்கரை எடுத்து, குங்குமத்துக்குக் கீழே செத்தது என்று எழுதி, டிராயரில் மற்றதன் பக்கத்தில் வைத்தேன். டிராயரை மூடுவதற்கு முன் அவள் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் பத்திரமா இருக்கட்டும். எப்ப எங்க வேணும்னு யார் கண்டா” என்றாள்.